புது மெசின் ஏன் வாங்கவில்லை?



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்து ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். ஆனால் கடைசி வரை வாசியுங்கள். இதில் உங்கள் காசுக்கான கணக்கு இருக்கிறது. ஒரு மனிதரிடம் நாங்கள் கேட்க வேண்டிய மன்னிப்பும் இருக்கிறது.

கொஞ்ச நாளாக சந்தியிலும் கடைத்தெருவிலும் எங்களைக் காணும் ஆட்கள் கேட்பது ஒரே கேள்விதான்.

"என்ன சேர், நாங்க சல்லி தந்தமே, புது மெசின் இன்னும் வரல்லயா?"

நியாயமான கேள்வி. பாடசாலைக் கணினி அறையில் இன்டர்நெட் இழுபடுகிறது, உயர்தரப் பிள்ளைகளின் படிப்பு பாதிக்கிறது என்று உங்களிடம் வந்து சொன்னவர்கள் நாங்கள்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, "பழைய சேர்வர் முடிஞ்சி போச்சு, புதுசு எடுக்காம சரிவராது" என்று சொன்னதும் நாங்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் தந்தார்கள். கடைக்காரர்கள் தந்தார்கள். ஓட்டோ ஓடும் ஒரு வாப்பா, மகள் படிக்கிற இடம் என்று சொல்லி அன்றைய உழைப்பை அப்படியே கொண்டு வந்து தந்தார்.

அந்தக் காசு சங்கத்தின் வங்கிக் கணக்கில் அப்படியே இருக்கிறது. ஒரு சதமும் எடுக்கவில்லை. பழைய மெசினே இப்போது நன்றாக ஓடுகிறது. புதிது தேவைப்படவில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

"நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்கு இல்லை. கணினி அறையில் நாங்கள் இரண்டு ஆசிரியர்கள். பின்னேரம் எங்களோடு நிற்கும் உயர்தரப் பிள்ளைகள் ஐந்தாறு பேர். பிழை விட்டதும் எல்லோருமாகத்தான், பிழையைக் கண்டுபிடித்ததும் எல்லோருமாகத்தான்.

முதலில் அந்த மெசின் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் அறையில் நாற்பது கணினிகள். அவை எல்லாம் வெளியே இன்டர்நெட்டுக்குப் போவது ஒரே ஒரு சின்னப் பெட்டி வழியாக. அதில் லினக்ஸ் ஓடுகிறது. பிள்ளைகள் போகக் கூடாத தளங்களைத் தடுக்கும் நீண்ட பட்டியலும் அதில்தான். அந்தப் பெட்டியின் மூளையில் நான்கு கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய நான்கு பகுதிகள். அதில் பூட்டியிருப்பது நான்கு வாசல் உள்ள ஒரு பழைய நெட்வேர்க் கார்ட். இதையெல்லாம் பொருத்தித் தந்தவர் எங்களுக்கு முன் இந்தப் பாடத்தைப் படிப்பித்த ஆசிரியர். இப்போது இடமாற்றம் பெற்று வேறு மாவட்டத்தில் இருக்கிறார். பெயர் போடவில்லை. ஊருக்கே ஆளைத் தெரியும்.

போன தவணை விடுமுறையில் இரண்டு விடயங்கள் ஒரே கிழமையில் நடந்தன. ஒன்று, பெட்டியின் ஹார்ட் டிஸ்க் பழுதாகியது. நாங்கள் புது டிஸ்க் போட்டு, லினக்ஸின் புதிய பதிப்பை நிறுவினோம். மற்றது, பழைய இணைப்பை மாற்றி ஃபைபர் இணைப்பு வந்தது. வேகம் கூடும் என்று எல்லோருக்கும் சந்தோசம்.

பாடசாலை தொடங்கியது. நாற்பது பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். முதல் பத்துப் பேருக்குப் பிறகு எல்லாம் நின்று போனது. ஒரு வீடியோப் பாடம் ஓடினால் அடுத்த பிள்ளையின் பக்கம் திறக்கவில்லை. பரீட்சைக்கு மாதங்கள்தான் இருந்தன.

அப்போதுதான் ஊரில் ஒரு கதை கிளம்பியது. "பழைய சேர் போகக்குள்ள எதயோ லொக் பண்ணிட்டுப் போயிட்டாராம். இடமாத்தக் கோவத்தில செஞ்சதாம்." இந்தக் கதையை நாங்கள் தொடங்கவில்லை. ஆனால் எங்களிடம் கேட்டவர்களிடம் "அப்படி இல்லை" என்று உறுதியாகச் சொல்லவும் இல்லை. "தெரியா, பாப்பம்" என்று சொன்னோம். அந்தத் "தெரியா" ஒரு மனிதரின் பேரை எவ்வளவு கெடுத்திருக்கும் என்று இப்போது நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

அவர் உண்மையில் ஒரு கொப்பி விட்டுப் போயிருந்தார். தெளிவான கையெழுத்து. கேபிள் எங்கே போகிறது, எந்தக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, எல்லாம் அதில் உண்டு. நெட்வேர்க் கார்டுக்கு என்று ஒரு வரியும் இருந்தது. கார்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்த ட்ரைவருக்குக் கொடுக்கும் ஒரு அமைப்பு அது. பொதிகளை நான்கு வரிசையாகப் பிரி என்பது அதன் கருத்து. நாங்கள் அந்த வரியை அப்படியே புதிய லினக்ஸில் எழுதினோம். மெசின் தந்த பதில்: அப்படி ஒரு பராமீட்டர் எனக்குத் தெரியாது, கணக்கில் எடுக்கவில்லை.

அவ்வளவுதான். கொப்பியில் இருப்பது வேலை செய்யவில்லை என்றால் மெசின் முடிந்தது என்று நாங்கள் தீர்மானித்துவிட்டோம். உங்களிடம் காசு கேட்டது அதற்குப் பிறகுதான்.

இனி அந்த வரி என்ன செய்ய வந்தது என்று விளக்க வேண்டும். பிரதேச செயலகத்தை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே நான்கு கவுன்டர். வாசலில் ஒரு ஆள் நிற்கிறார். வருகிறவர்களின் கையில் இருக்கும் கடிதத்தைப் பார்த்து, "நீங்க ஒன்டுக்கு, நீங்க மூன்டுக்கு" என்று அனுப்புகிறார். வேலை இல்லாமல் வருகிறவரை வாசலிலேயே திருப்பி விடுகிறார். நெட்வேர்க் கார்ட் என்பது அந்த வாசல் ஆள். கவுன்டர்கள்தான் கோர்கள். வருகிறவர்கள்தான் தரவுப் பொதிகள். திருப்பி விடுவது வடிகட்டல். கவுன்டர் பார்த்து அனுப்புவது திசைப்படுத்தல்.

இதை ஏன் கார்டே செய்ய வேண்டும்? உள்ளே இருக்கும் கவுன்டர் எழுத்தர் ஒவ்வொருவராக எழும்பி வந்து ஆட்களைப் பிரித்துக் கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும்? வாசலிலேயே பிரிந்து வந்தால் நான்கு பேரும் தங்கள் வேலையைப் பார்க்கலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. ஒருவருடைய கடிதங்கள் எல்லாம் ஒரே கவுன்டருக்குத்தான் போக வேண்டும். முதல் பக்கம் ஒன்றுக்கும் இரண்டாம் பக்கம் நான்குக்கும் போனால் ஒழுங்கு குழம்பும். அதனால் கார்ட், பொதியில் உள்ள அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, துறை இலக்கங்கள் ஆகியவற்றை எடுத்து ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின் விடையைக் கொண்டு ஓர் அட்டவணையைப் பார்த்து வரிசையைத் தெரிவு செய்கிறது. ஒரே உரையாடலின் பொதிகளுக்கு எப்போதும் ஒரே விடைதான் வரும். இந்த முறையை 2000களின் நடுப்பகுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வின்டோஸ் சேர்வருக்காக ஒரு விதியாக எழுதியது. எந்தக் கணக்கு, எந்த மாதிரி அட்டவணை என்று தெளிவாகச் சொன்னது. கார்ட் செய்யும் நிறுவனங்கள் அதன்படி செய்தன. அதே கார்டுகள் லினக்ஸிலும் பூட்டப்பட்டன. ஆகவே கார்டுக்குள் நடப்பது ஓரளவு பொதுவாகிவிட்டது.

பொதுவாகாமல் இருந்தது என்ன தெரியுமா? அந்தக் கார்டிடம் சொல்லும் முறை. "நான்கு வரிசையாகப் பிரி", "இந்த முகவரியிலிருந்து வருவதை விடாதே", "இந்தத் துறைக்கு வருவதை மூன்றாம் வரிசைக்குப் போடு" என்று சொல்ல, ஒரு நிறுவனத்தின் ட்ரைவரில் ஒரு சொல், இன்னொரு நிறுவனத்தின் ட்ரைவரில் வேறு சொல். சிலருக்குத் தனியாக ஒரு மென்பொருளே இருந்தது. ஒவ்வொரு வாசல் ஆளுக்கும் ஒவ்வொரு பாஷை. ஒருவரிடம் பேசப் பழகிய எழுத்தர், ஆள் மாறினால் ஊமையாகி விடுவார்.

லினக்ஸ் கேர்னலின் வலையமைப்புப் பகுதியை நீண்ட காலம் பராமரித்த டேவிட் மில்லர் இந்த மாதிரித் தனிப்பட்ட பராமீட்டர்களை ஏற்க மறுத்து வந்தார். நிறுவனங்களுக்கு அது கரைச்சலாக இருந்தது. "எங்கட கார்டுக்கு மட்டும்தானே, ஒரு சின்ன அமைப்புத்தானே" என்று கேட்பார்கள். பதில்: எல்லாக் கார்டுக்கும் பொருந்தும் ஒரு கட்டளையாகக் கொண்டு வாருங்கள். அதனால்தான் நிறுவனங்கள் தங்கள் தளத்தில் தரும் ட்ரைவரில் இருக்கும் சில அமைப்புகள், கேர்னலோடு வரும் ட்ரைவரில் இருக்காது. எங்கள் கொப்பியில் இருந்த வரிக்கு நடந்தது இதுதான். புதிய லினக்ஸோடு வந்த ட்ரைவருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் அந்த வேலை தெரியும்! ஈத்டூல் என்ற பொதுவான கட்டளையால் கேட்டிருந்தால், "நான் ஏற்கெனவே நான்கு வரிசை வைத்திருக்கிறேன்" என்று சொல்லியிருக்கும். நாங்கள் கேட்கவில்லை.

கேட்டது ஒரு பிள்ளை. உயர்தரம் படிக்கும் மாணவி. ஒரு பின்னேரம், "சேர், நாலு வரிசை இருக்கெண்டு காட்டுது, ஆனா ஒரு வரிசையிலதான் எண்ணிக்கை கூடுது" என்றாள். எட்டிப் பார்த்தோம். உண்மைதான். திரையில் நான்கு வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். முதலாவது எண் ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற மூன்றும் செத்த மாதிரிக் கிடந்தன. முதலாவது கோர் நூறு வீதம் வேலை. மற்ற மூன்றும் சும்மா. நான்கு கவுன்டர் திறந்திருக்க, முழு ஊரும் ஒன்றாம் கவுன்டரில் நிற்கிறது.

கார்டுக்கு நான்கு வரிசை உண்டு. பிரிக்கவும் தெரியும். பிறகு ஏன் பிரிக்கவில்லை?

இதற்கு விடை கிடைக்க இரண்டு நாள் எடுத்தது. விடை கார்டில் இல்லை, ஃபைபரில் இருந்தது. பழைய இணைப்பில் நிறுவனம் தந்த ரௌட்டரே வெளியோடு கைகொடுத்துவிட்டு, எங்கள் பெட்டிக்குச் சாதாரண ஐபி பொதிகளைத் தந்தது. புதிய இணைப்பில் அந்தக் கைகொடுப்பை எங்கள் பெட்டியே செய்யும்படி நாங்கள் அமைத்திருந்தோம். அந்த முறையின் பெயர் பிபிபிஓஈ. 1999இல் விதியாக எழுதப்பட்டது. அதில் ஐபி பொதி நேரடியாக வராது, இன்னோர் உறைக்குள் போட்டு வரும். வெளியுறையில் 8864 என்ற பதினறும இலக்கம் இருக்கும். எங்கள் கார்ட் மாதிரியான பழைய கார்டுகளுக்கு வெளியுறையைத்தான் வாசிக்கத் தெரியும். உள்ளே இருக்கும் முகவரியைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முகவரி தெரியாவிட்டால் கணக்குப் போட முடியாது. கணக்கு இல்லாததெல்லாம் ஒன்றாம் கவுன்டருக்கு.

ஆகவே அந்த ஆசிரியர் எதையும் பூட்டவில்லை. அவர் இருந்த காலத்தில் உறைக்குள் உறை இல்லை, அதனால் அவர் செய்தது சரியாகவே வேலை செய்தது. நாங்கள்தான் ஒரே கிழமையில் இரண்டு மாற்றம் செய்துவிட்டு, இல்லாத ஆளில் பழியைப் போட வாயைத் திறந்து வைத்திருந்தோம்.

பிரச்சினை தெரிந்தது. தீர்வு? ஈத்டூலால் கார்டுக்கு ஒரு விதி கொடுக்கலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். வெளியுறை இலக்கம் 8864 ஆக இருந்தால் இரண்டாம் வரிசைக்கு அனுப்பு. கார்ட் ஏற்றுக் கொண்டது. எங்களுக்குச் சந்தோசம். திரையைப் பார்த்தால், ஒன்றாம் கவுன்டரில் நின்ற முழு ஊரும் இப்போது இரண்டாம் கவுன்டரில் நிற்கிறது! பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்தார். ஆனால் அது வீண் போகவில்லை. விதி எழுதினால் கார்ட் கேட்கிறது என்று தெரிந்தது. கார்டால் எது முடியும், எது முடியாது என்றும் தெரிந்தது. உறையைப் பார்த்து ஓர் இடத்துக்கு அனுப்ப முடியும், உறைக்குள் பார்த்துப் பிரிக்க முடியாது.

கடைசித் தீர்வு கேர்னலோடு வரும் ஆவணத்திலேயே இருந்தது. வாசல் ஆளுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால், உள்ளே முதல் மேசையில் இருப்பவர் உறையைத் திறந்து பார்த்து மற்றக் கவுன்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். கார்ட் செய்யும் வேலையை மென்பொருளால் செய்யும் முறை. கூகுளில் வேலை செய்த டொம் ஹேர்பேர்ட் எழுதியது, 2010இல் லினக்ஸ் 2.6.35இல் வந்தது. இதில் அழகு என்னவென்றால், எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் இது ஒரே மாதிரித்தான். ஒரு கோப்பில் ஒரே ஓர் எழுத்தை எழுத வேண்டும். எங்களுக்கு அந்த எழுத்து ஆங்கில எஃப்.

ஏன் எஃப்? நான்கு கோர், நான்கும் வேலை செய்யட்டும் என்றால் இருமத்தில் 1111. அதைப் பதினறும எண்ணாக எழுதினால் எஃப். பத்தாம் தரத்தில் எண் முறைமை படிப்பிக்கும்போது "இது எதுக்கு சேர் உதவும்?" என்று கேட்ட பையன் இன்று பன்னிரண்டாம் தரத்தில் எங்களோடு நின்றான். அவனையே எழுதச் சொன்னோம். எழுதி எண்டரை அழுத்தினான். மற்ற மூன்று கோர்களும் எழும்பி வேலை தொடங்கின. அடுத்த நாள் நாற்பது பிள்ளைகளும் ஒன்றாக வீடியோப் பாடம் பார்த்தார்கள். செலவு, ஒரு சதமும் இல்லை.

இங்கே பதிவை முடித்திருக்கலாம். ஆனால் எங்களை யோசிக்க வைத்த விடயம் இதற்குப் பிறகுதான் நடந்தது. அவசரத்துக்கு உதவும் என்று அறையில் இன்னொரு பழைய கணினியை அதே மாதிரித் தயார் செய்து வைக்க நினைத்தோம். அதில் இருந்தது வேறு நிறுவனத்தின் மலிவான கார்ட். அதே ஈத்டூல் கட்டளையைக் கொடுத்தோம். பதில்: இந்தச் செயற்பாட்டுக்கு ஆதரவு இல்லை. அந்தக் கார்டுக்கு ஒரே வரிசைதான். விதி எழுத இடமே இல்லை.

சிலருக்கு இது தோல்வி மாதிரித் தெரியும். எல்லாவற்றையும் பொதுவாக்கினோம் என்று சொல்லிவிட்டு இது வேலை செய்யவில்லையே என்று. எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. முன்பு கொப்பி வரியை எழுதியபோது மெசின் "அந்தச் சொல் தெரியாது" என்றது. அதிலிருந்து வேலை தெரியுமா தெரியாதா என்று எங்களால் விளங்கிக் கொள்ள முடியவில்லை, பிழையாக விளங்கிக் கொண்டு ஊரிடம் காசு கேட்டோம். இப்போது அதே கேள்விக்கு "என்னால் முடியாது" என்று நேரடிப் பதில். அதற்குப் பிறகு மென்பொருள் வழியைப் பார்த்தோம், அதே எஃப், வேலை செய்தது. பொதுவான கட்டுப்பாடு எல்லாக் கார்டையும் ஒரே திறமை உள்ளதாக ஆக்குவதில்லை. எல்லாக் கார்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு நேர்மையான பதிலை வாங்க விடுகிறது.

இந்த நிலைக்கு வர லினக்ஸ் ஆட்களும் நல்லாக அலைந்திருக்கிறார்கள். ஈத்டூலுக்கு உள்ளேயே ஒரு காலத்தில் இதே வேலைக்கு இரண்டு வாசல் இருந்தது. ஒன்று சன் நிறுவனத்தின் கார்டுக்கு எழுதியதோடு வந்தது, மற்றது இன்டெல் ஆட்கள் 2010இல் கொண்டு வந்தது. ஒரே விதியை எழுத இரண்டு முறை. சில வருடங்களில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். பிறகு 2015இல் டிசி என்ற இன்னொரு கருவியில் ஃபிளவர் என்ற விதி எழுதும் முறை வந்தது, அடுத்த வருடம் அந்த விதிகளையும் கார்டுக்கு இறக்க முடிந்தது. நல்ல விடயம், ஆனால் ட்ரைவர் எழுதுகிறவருக்கு இப்போது தலையிடி. ஈத்டூல் ஒரு வடிவத்தில் விதி தருகிறது, ஃபிளவர் இன்னொரு வடிவத்தில் தருகிறது. கார்டில் நடப்பது ஒன்றுதான், எழுதுவது இரண்டு தடவை. 2019இல் பாப்லோ நெய்ரா அயூசோ என்பவர் எழுதிய மாற்றங்கள் லினக்ஸ் 5.1இல் சேர்ந்தன. எந்தக் கருவியால் விதி எழுதினாலும் உள்ளே ஒரே வடிவத்துக்கு மாற்றி, அதன் பிறகே ட்ரைவரிடம் கொடுப்பது. அதே வருடம் 5.3இல், தீச்சுவர் விதிகள் எழுதும் என்எஃப்டேபிள்ஸ் கருவியும் அதே வழியால் கார்டுக்கு இறங்கத் தொடங்கியது.

ஃபிளவரில் எங்களுக்குப் பிடித்த ஒன்று உண்டு. விதி எழுதும்போது "இது கார்டில் மட்டும்தான் நடக்க வேண்டும்" என்று சொல்லலாம். கார்டால் முடியாவிட்டால் விதியே ஏறாது, பிழை என்று திரும்பி வரும். அப்படிச் சொல்லாவிட்டால் மென்பொருளில் நடக்கும், ஆனால் பட்டியலில் "கார்டில் இல்லை" என்று குறிப்பு இருக்கும். ஏமாற்று வேலை இல்லை.

கேர்னலுக்கு வெளியேயும் இதே கதைதான். டிபிடிகே என்று ஒரு மென்பொருள் தொகுதி இருக்கிறது. மிக வேகமாகப் பொதிகளைக் கையாள வேண்டிய பெரிய நிறுவனங்கள், கேர்னலைச் சுற்றிப் போய், கார்டோடு நேரடியாகப் பேசப் பாவிப்பது. அதிலும் முதலில் ஒவ்வொரு வகை வடிகட்டலுக்கும் ஒவ்வொரு முறை. 2017இல் 17.02 பதிப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே முறை கொண்டு வந்தார்கள், 2020இல் 20.11 பதிப்பில் பழையவற்றை எடுத்துவிட்டார்கள். அதில் விதியைப் போடுவதற்கு முன் "இதை ஏற்பாயா?" என்று மட்டும் கேட்டுப் பார்க்கும் வழி இருக்கிறது. அங்கேயும் அதே நேர்மையான கேள்வி.

குறை இல்லையா? இருக்கிறது. பொது விதிப் பாஷை வளர மெதுவாகத்தான் வளரும், புதுக் கார்டில் வந்த திறமை அந்தப் பாஷையில் சொல்ல வராமல் காத்துக் கிடக்கும். பாஷை ஒன்றாக இருந்தாலும் கார்டின் கட்டுப்பாடு மாறாது. பிரபலமான இன்டெல் 82599 வகைக் கார்டில் ஆயிரக்கணக்கான விதிகள் எழுதலாம், ஆனால் ஒரு வாசலில் எல்லா விதியும் பொதியின் ஒரே பகுதிகளைத்தான் பார்க்க வேண்டும். முதல் விதி அனுப்புநர் முகவரியைப் பார்த்தால், அடுத்த விதி துறை இலக்கத்தை மட்டும் பார்க்க முடியாது. ஆகவே கட்டளை தெரிந்தால் போதும், கார்டைப் படிக்கத் தேவையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். விதி ஏறவில்லை என்றால் ஏன் என்று தேடத்தான் வேண்டும்.

கல்வியியற் கல்லூரியில் இருந்த காலத்தில் பாடத்திட்டக் குறிப்பு எழுதப் பழக்கும்போது ஒன்று சொல்வார்கள். நீங்கள் லீவில் நின்றாலும், வேறு ஆசிரியர் வந்து குறிப்பைப் பார்த்து வகுப்பை நடத்தக் கூடியதாக இருக்க வேண்டும். அப்போது எங்களுக்கு அது கரைச்சல் பிடித்த எழுத்து வேலையாகத் தெரிந்தது. அந்த ஆசிரியர் ஒழுங்காகக் குறிப்பு எழுதினார். ஆனால் அந்தக் காலத்து ட்ரைவர் அவருக்குக் கொடுத்த சொல், ஒரு நிறுவனத்தின் வீட்டுக்குள் மட்டும் பேசும் சொல். குறிப்பு சரி, சொல் செத்துப் போயிற்று. இப்போது நாங்கள் எழுதும் கொப்பியில் நிறுவனத்தின் சொற்கள் இல்லை. எந்தக் கார்ட் பூட்டினாலும் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. எத்தனை வரிசை? எந்த வரிசையில் எண்ணிக்கை கூடுகிறது? விதியை ஏற்கிறதா? ஏற்காவிட்டால் மென்பொருளில் எங்கே எழுதுவது? கரண்ட் போய் வந்தால் இந்த அமைப்புகள் அழிந்துவிடும் என்பதால், மெசின் எழும்பும்போது தானாக எழுதப்படும் இடத்தையும் குறித்து வைத்திருக்கிறோம். நாளைக்கு எங்களுக்கு இடமாற்றம் வந்தால் எங்களைப் பற்றிக் கதை வரக் கூடாது, பாருங்கள்.

அந்த ஆசிரியருக்குப் போன வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்தோம். நடந்ததைச் சொன்னோம். ஊரில் ஓடிய கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொப்பி இருந்திச்சுத்தானே, எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே தம்பிமார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு ஃபைபர் இணைப்பைப் பற்றிக் கேட்டார், உறைக்குள் உறைக் கதையைச் சொன்னதும் சிரித்தார், எஃப் எழுதின பிள்ளை யார் என்று கேட்டார். அவர் படிப்பித்த பிள்ளைதான்.

சேர், இதை நீங்கள் வாசித்தால், எங்களை மன்னித்துக் கொள்ளுங்கள். ஊரார் முன்னால் வந்த பழி என்பதால் ஊரார் முன்னாலேயே சொல்கிறோம். நீங்கள் எதையும் பூட்டிவிட்டுப் போகவில்லை. அந்தக் கதையை வேறு எங்கேயாவது கேட்டவர்கள், கேட்ட இடத்திலேயே போய் இதைச் சொல்லுங்கள்.

இனிக் காசு விடயம். அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இரண்டு யோசனை வைக்கப் போகிறோம். ஒன்று, தந்தவர்களில் யாராவது திருப்பிக் கேட்டால் திருப்பிக் கொடுப்பது. வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் காசு. மற்றது, மிச்சம் இருந்தால் கரண்ட் போகும்போது அறையைக் கொஞ்ச நேரம் தாங்கும் பேட்டரி எடுப்பது. இது எங்கள் யோசனை மட்டும்தான், முடிவு கூட்டத்தில். வங்கிப் புத்தகமும் பற்றுச்சீட்டுக் கட்டும் அதிபரின் காரியாலயத்தில் இருக்கிறது, பாடசாலை நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம்.

கணினி அறையையும் வந்து பாருங்கள். பின்னேரம் பிள்ளைகள் நிற்பார்கள். நான்கு எண்களும் ஓடுவதை அவர்களே காட்டுவார்கள்.